தேடலில் உங்கள் இணையக் கடை முன்னே வர

சென்னிமலைப் போர்வையையோ, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளையோ இணையத்தில் விற்கிறீர்கள் என்றால், முதலில் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இணையக் கருவியில் உங்கள் தளத்தைப் பதிந்து, மக்கள் எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ‘காட்டன் பெட்ஷீட்’ என்று தேடுபவரின் கண்ணில், ‘போர்வை’ என்று மட்டும் எழுதிய பக்கம் எளிதில் படாது. ஆகவே இரு சொற்களும் தலைப்பிலும் விளக்கத்திலும் இயல்பாக இடம்பெறட்டும்.

விளக்கம்தான் உயிர்நாடி. பிற கடைகளின் வரிகளை நகலெடுக்காமல், நீளம் அகலம் என்ன, சாயம் போகுமா, எப்படித் துவைப்பது என்று நேரில் வருபவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் சொற்களிலேயே விடை எழுதுங்கள். தறிக்கு அருகிலேயே இருப்பவருக்கு இந்த விடைகளெல்லாம் கைவசம் இருப்பது பெரிய வசதி. படங்களின் அளவைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் குறுவரி) கொடுங்கள். இருப்புத் தீர்ந்த பொருள் மீண்டும் வருமெனில் அதன் பக்கத்தை அழிக்காதீர்கள். வராதெனில் அங்கே வருபவரை நெருங்கிய பொருளின் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்.