காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளை நாமே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி என்று அலைந்தேன். போன இடமெல்லாம் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் சொன்னார்கள். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் சிவகங்கை மாவட்டமே 98.31 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். அந்த ஒரு எண்ணை வைத்து எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது?

சரி, வேலைக்கு வருவோம். கணினியில் அட்டவணை போடும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க் போதும், இணையம் இல்லாமலும் ஓடும். வண்ண வரைபடமெல்லாம் வேண்டாம், அட்டவணையே தெளிவு. பள்ளி, ஆண்டு, எழுதியவர், தேர்ச்சி பெற்றவர் என்று நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்). மூன்று ஆண்டுக் கணக்கைத் தலைமையாசிரியரிடமே கேளுங்கள். மேல்நிலைப் பள்ளியானாலும் பத்தாம் வகுப்புக் கணக்கை மட்டும் எடுங்கள்.

நான் தவறிய இடம் இதுதான். ஆண்டுவாரி விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி போட்டுவிட்டேன். ஒரு வருடம் 10 பேர் எழுதி 10 பேரும் தேர்ச்சி, 100. மறுவருடம் 40 பேரில் 32 பேர், 80. சராசரி 90 என்று வரும். ஆனால் மொத்தம் எழுதிய 50 பேரில் தேறியது 42 பேர், அதாவது 84தான். எங்கள் ஐயா ஐந்தொகை எழுதும்போது தொகையைத்தான் முதலில் கூட்டுவார். அதே போலத் தலைகளை முதலில் கூட்டுங்கள், விழுக்காடு கடைசியில். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே விழுக்காடு 91.67க்கு இறங்கிவிடும். அதற்காக அந்தப் பள்ளியை ஒதுக்காதீர்கள்.

அப்புறம் ஐந்தாவதாக ஒரு பத்தி: முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள். ஒரு பள்ளியில் ஒன்பதில் 60 பேர், பத்தாவது எழுதியது 48 பேர் என்றால் அந்த 12 பிள்ளைகள் எங்கே? ஊர் மாறியிருக்கலாம், டி.சி. கொடுத்து அனுப்பியும் இருக்கலாம். கேட்காமல் விடாதீர்கள். எனக்கு இந்தப் பத்திதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

முடிந்தால் கணிதத்தில் 60க்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 35 வாங்கினாலே தேர்ச்சி என்பதால் விழுக்காட்டில் இது தெரியாது.

பின்சேர்க்கை: தேவகோட்டை வாசகர் ஒருவருக்கு, 'அரசு உயர்நிலைப் பள்ளி' என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்க் கணக்கு கலந்துவிட்டதாம். பெயரோடு, ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக உள்ள 11 இலக்க அடையாள எண்ணான யுடைஸ் எண்ணையும் எழுதுங்கள். கட்டம் குறுகலாக இருந்தால் எண் உருமாறித் தெரியும். அந்தப் பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு எண்ணை உள்ளிடுங்கள்.