'பணம் வந்துருச்சுங்ண்ணா': ஆன்லைன் வேலையில் நாம் ஏமாறும் இடங்கள்

எங்கள் வீதியில் ஒரு தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து ராத்திரியில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பான். வாட்ஸாப்பில் ஒரு மெசேஜ்: கூகுள் மேப்பில் மூன்று ஓட்டல்களுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் 150 ரூபாய். போட்டான். பத்து நிமிடத்தில் பணம் விழுந்தது. "பணம் வந்துருச்சுங்ண்ணா, அப்பறம் எப்படி ஃபிராடாகும்?" என்றான்.

எல்லோரும் விழுவது இந்த இடத்தில்தான். ஏமாற்றுகிறவன் காசே தர மாட்டான் என்று நமக்கு ஒரு நினைப்பு. 2012ல் கவிழ்ந்த ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் கட்டியவர்களுக்கும் முதலில் மாதாமாதம் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. பெருந்துறைப் பக்கம் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த 150 ரூபாய் தூண்டில் புழு.

அப்புறம் டெலிகிராம் குரூப்புக்கு இழுத்தார்கள். இனி 'ப்ரீபெய்டு டாஸ்க்'. 1,000 கட்டினான், 1,300 வந்தது. 5,000 கட்டியபோது ஆப்பில் 6,800 என்று காட்டியது, எடுக்க முடியவில்லை. 'நீங்கள் தப்பாக அழுத்திவிட்டீர்கள், ஸ்கோர் குறைந்துவிட்டது, 18,000 கட்டினால் மொத்தமும் வரும்' என்றார்கள். கட்டினான். அடுத்து 40,000. அந்தக் குரூப்பை வாங்கிப் பார்த்தேன். ஆளாளுக்கு 'எனக்கு வந்துவிட்டது, நன்றி மேடம்' என்று ஸ்கிரீன்ஷாட். ஒருவருக்குக்கூட ஒருநாள் தாமதம் இல்லை. நிஜமான வேலை செய்கிற இடத்தில் சம்பளத்தைப் பற்றி ஒருத்தராவது முனகாமல் இருப்பார்களா? அவ்வளவு பேரும் அவர்கள் ஆட்கள்தான். ஆப்பில் தெரிகிற எண் வெறும் படம். பேங்க் கணக்குக்கு வந்தால்தான் பணம். வேலை செய்கிறவன் காசு கட்டுகிற வேலை எந்த ஊரிலும் கிடையாது.

ஐடி வேலை தேடுகிறவர்கள் செய்யும் தப்பு வேறு. ஆஃபர் லெட்டரில் லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தால் நம்பிவிடுவது. சந்தேகம் வந்தால், அந்த லெட்டரிலேயே இருக்கும் நம்பருக்குப் போட்டுக் கேட்பது. அவன் இல்லை என்றா சொல்வான்? கண்ணபுரம் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நாம் பணம் எடுப்பதில்லை. இதற்கு அவ்வளவுகூட வேண்டாம். கம்பெனியின் சொந்த வெப்சைட்டைத் தனியாகத் தேடி எடுத்து, அதில் உள்ள நம்பரில் கேட்டால் போதும். கோவை சரவணம்பட்டியில் ஆபீஸ் என்று போட்டிருந்தால் ஒரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். லேப்டாப் டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ் என்று கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

டேட்டா என்ட்ரி மோசடி ஆட்கள் முதலில் காசு கேட்க மாட்டார்கள். பக்கம் பக்கமாக டைப் அடிக்கவிட்டு, பிழை என்று சொல்லி, ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். பயந்து கட்டுவதுதான் தவறு. காலேஜ் பசங்களிடம் 'உன் பேங்க் அக்கவுண்ட்டைக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்பது இதைவிட மோசம். திருட்டுப் பணம் அதில் போய்வந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரனைத்தான்.

வெளிநாட்டு டேட்டா என்ட்ரி என்று தாய்லாந்து, கம்போடியாவுக்கு டூரிஸ்ட் விசாவில் கூப்பிட்டால் ஏறவே ஏறாதீர்கள். அப்படிப் போனவர்கள் கம்போடியாவிலும் மியான்மர் எல்லையிலும் அடைபட்டு, இதே மோசடி மெசேஜை அடுத்தவனுக்கு அனுப்பும் வேலை பார்த்திருக்கிறார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

சரி, பணம் போய்விட்டது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும். கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. நம் தம்பி வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நாலு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. போன வாரம் மறுபடி போனை நீட்டினான். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறார்களாம், முன்கட்டணம் 2,500.

"இது நிஜமா இருக்குமாங்ண்ணா?"