ஊர் வீட்டுக்கு ஒரு பின்போல் மெஷின்: எங்கே பிழைவிடுகிறோம்

"அத்தான், அந்தக் காலத்துப் பின்போல் மெஷின் மாதிரியே புதுசா ஒண்டு வந்திருக்கு. வாங்கி ஊர் வீட்டு ஹோலுக்குள்ள விடப்போறன்" என்றான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான். பின்போல் என்றால், சரிந்த கண்ணாடி மேசைக்குள் உருண்டு வரும் குண்டைக் கீழே விழவிடாமல் தட்டித் தட்டி ஆடும் விளையாட்டு. போன கோடையில் அங்கே போயிருந்தபோது ஒரு கடைக்குக் கூட்டிப்போய் என்னையும் விளையாட வைத்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பலகையில் ஆணி அடித்துப் போளை உருட்டி வளர்ந்த ஆள் நான். 80 கிராம் இரும்புக் குண்டு, பிளிப்பர் என்கிற தட்டும் கையில் பட்டுக் கிளம்பும்போது இரண்டு உள்ளங்கையிலும் ஒரு அதிர்வு ஏறும். பத்து நிமிடத்தில் எனக்கும் ஆசை பிடித்துவிட்டது.

பிழை அங்கேதான் தொடங்குகிறது. கடையில் நிற்கும் மெஷின் மட்டம் பார்த்து, மெழுகு தேய்த்து, புது றப்பரோடு நிற்பது. பழைய பாணி மெஷின்களில் குண்டு ஏறி இறங்கும் பாலங்கள் குறைவு. குறிபார்த்து அடிப்பதுதான் முழு விளையாட்டு. சிலருக்கு அது மூன்று மாதத்தில் சப்பென்று போய்விடும். ஒரு மணித்தியாலம் நின்று, தோற்றுத் தோற்று ஆடிய பிறகும் இன்னொரு ஆட்டம் கேட்டால் மட்டும் காசைப் பற்றிப் பேசுங்கள்.

காசுக்கு வருவோம். மச்சான் சொன்னது கடை விலை. 8,000 அமெரிக்க டொலர் என்று வைத்து, டொலரை 300 ரூபாயாகப் பிடித்தால் 24 இலட்சம். கப்பல் கூலி, காப்புறுதிக்கு இன்னொரு 1,000 டொலர் போனால் 27 இலட்சம். அதற்கு 18 வீத வற் வரி மட்டும் குறைந்தது 4 இலட்சத்து 86 ஆயிரம். மற்றத் தீர்வைகள் வேறு. அவை கூடக்கூட வற் வரியும் கூடும். பிறகு கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் லொறி. நூறு கிலோவுக்கு மேற்பட்ட சாமான், இறக்க நாலு பேர் வேண்டும். விலைச்சீட்டைப் பார்த்து "கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்தில் முழிக்கக்கூடாது.

பதிப்புகள் என்று இன்னொரு பொறி. பின்போல் மெஷின் செய்யும் ஸ்ரேர்ண் கம்பனி, பீற்றில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவின் பேரில் 2018-இல் விட்ட மெஷினை எடுங்கள். 1980-இல் வந்த சீவிட்ச் மெஷினின் அமைப்பைத் தழுவியது அது. அந்தக் குழு அமெரிக்காவில் கால்வைத்த ஆண்டை நினைத்து மொத்தம் 1,964 மெஷின்தான் செய்தார்கள். அதற்குள் கோல்ட், பிளாட்டினம், டயமண்ட் என்று மூன்று தரம். டயமண்ட் நூறே நூறு. குண்டு ஓடும் தளம் மூன்றிலும் ஒன்றுதான், கூடுவது அலங்காரம். சேர்த்துவைக்கிற ஆட்களுக்கு அது சரி. விளையாடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மலிந்த தரம் போதும் என்பது என் எண்ணம்.

"பழைய மொடல்தானே, எங்கட ரேடியோ திருத்துற ஐயாவே பாப்பார்" என்றான் மச்சான். பழசு வெளித்தோற்றம் மட்டும். 1947-இல் கொட்லீப் கம்பனி முதன்முதல் பிளிப்பர் பூட்டியபோதும், அதன்பின் ஒரு முப்பது வருடமும் உள்ளே இருந்தவை றிலே என்ற மின்காந்தச் சுவிச்சுகளும் வயரும். இன்றைய மெஷினுக்குள் இருப்பது கம்பியூட்டர் போர்ட். ஐயா பிளிப்பரை இழுக்கும் கொயிலை, அதாவது கம்பிச் சுருளை, மாற்றுவார், போர்ட் போனால் கையை விரிப்பார். பியூஸ், றப்பர், ஒரு கொயில், இரண்டு குண்டு எல்லாவற்றையும் மெஷினோடு சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. பின்பக்கத் தகட்டில் என்ன அடித்திருக்கிறது என்று வாசிக்காமல் பிளக்கைச் செருகினால் ஆட்டம் அன்றே முடியும்.

கரம் போர்ட்டுக்குப் போடும் பவுடரை மட்டும் தூவிவிடாதீர்கள்! குண்டு வழுக்கி ஓடட்டும் என்று நல்லெண்ணத்தில் யாராவது செய்வார்கள். பவுடர் சுவிச்சுகளுக்குள் இறங்கிவிடும்; தளத்துக்குப் பூசவேண்டியது மெழுகு. சோளகம் வீசும் மாதங்களில் யன்னலோரம் வைத்தால் புழுதியும் உப்புக் காற்றும் சேர்ந்து குண்டைச் சொரசொரப்பாக்கும், அந்தக் குண்டு தளத்தை அரம்போல் உராயும். உள்ளறையில் வைத்து, துணியால் மூடுங்கள்.

கடைசியாக நிலம். மெஷினின் தளம் முன்பக்கம் நோக்கி 6.5 பாகை சாய்ந்திருக்க வேண்டும், பக்கவாட்டில் துளியும் சாயக்கூடாது. உள்ளே மேசன்மாரின் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று தொங்கும். மெஷினை உலுக்கினால் அது வளையத்தில் பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் குண்டின் ஆட்டம் நின்றுவிடும். அதையும் சரியாக நடுவில் நிறுத்தவேண்டும்.

நேற்று ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மச்சானின் வீட்டுக்குப் போனேன். கழுவின தண்ணி ஓடட்டும் என்று மாமா அந்தக் காலத்திலேயே ஹோல் நிலத்தைக் கிணற்றுப் பக்கம் சரித்துத்தான் போட்டிருக்கிறார். குமிழி ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.