பென்சிலில் காங்கேயம் காளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக சாம்பல் கலந்த வெள்ளை நிற மயிலைக் காளை ஒன்றின் முகத்தைப் பென்சிலில் வரைந்து, அதை வளர்ப்பவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "படம் நல்லாத்தானுங் தம்பி இருக்குது. ஆனா இது நம்ம மாடில்லீங்" என்றார். மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது. எங்கே தப்பு என்று கேட்டேன். தாளைத் தொடாமல் நெற்றிப் பக்கம் விரலை நீட்டினார். "சுழியைக் காணோமே!"

மாடு பிடிக்கப் போகிறவர்கள் சுழி பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். வரைகிற நாம்தான் அதைக் கவனிப்பதே இல்லை. நெற்றியில் முடி ஒரு புள்ளியிலிருந்து சுழன்று கிளம்புகிறது. ஒரு பங்கு மேலேறிக் கொம்புகளுக்கு நடுவே போகிறது, ஒரு பங்கு மூக்குத்தண்டு வழியே இறங்குகிறது, மீதி கண்ணைச் சுற்றிக்கொண்டு கன்னத்துக்கு ஓடுகிறது. நானோ நெற்றி முழுக்க மேலிருந்து கீழாக, சீப்பால் வாரிவிட்ட மாதிரி கோடு இழுத்து வைத்திருந்தேன். இப்போதெல்லாம் போட்டோ மேல் டிரேசிங் தாளை வைத்து, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று சின்ன அம்புக்குறிகள் போட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். பத்து நிமிட வேலை.

முடியை ஒவ்வொன்றாக வரைந்தால்தான் தத்ரூபமாக வரும் என்று நினைப்பது அடுத்த தவறு. காங்கேயம் மாட்டுக்கு முடி குட்டை, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நீள நீளமாக இழுத்தால் காளை செம்மறிக் கிடா ஆகிவிடும். முதலில் முடியை மறந்துவிட்டு, கண்ணுக்கு மேலே புடைத்திருக்கும் எலும்பு, கன்னத்துக் குழி, தாடையின் விளிம்பு இவை தெரிகிற மாதிரி எச்பி பென்சிலால் மெலிதாக நிழல் போடுங்கள். அப்புறம் வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடங்களில், காதின் உட்புறத்தில், வெளிவிளிம்பில் மட்டும் முடி காட்டினால் போதும். கோடு முடியும் இடத்தில் பென்சிலைத் தூக்கிவிட வேண்டும்; அழுத்தி நிறுத்தினால் முடி குச்சியாகிவிடும். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியில் முடியைத் தேடாதீர்கள், அங்கே மடிப்புதான் எல்லாம்.

பாதித் தவறுகள் பென்சிலைத் தொடும் முன்பே, போட்டோவிலேயே நடந்துவிடுகின்றன. கையெட்டும் தூரத்தில் போனை நீட்டினால் மூக்கு பெருத்து, கொம்பு சிறுத்து, காது எங்கோ பின்னால் போய்விடும். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று ஜூம் போட்டு, மாட்டின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம், வெள்ளை உடம்பு மொத்தமும் வெளுத்துப்போய் நிழலே கிடைக்காது. மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு போனாலும் சிக்கல்தான்: கொம்பில் பெயின்ட் இருக்கும், அடியில் இருக்கும் வளையங்கள் மறைந்துபோகும்.

சரி, கண்ணுக்கு வருவோம். மாட்டுக்கு மனிதக் கண்ணை வைத்துவிடுகிறோம். நடுவில் வட்டக் கருமணி, இரண்டு பக்கமும் வெள்ளை. மாட்டின் கண்மணி வட்டமில்லை, கிடைமட்டமாக நீண்டது. அதுவும் காங்கேயம் மாட்டின் கரிய கண்ணில் பாதி நேரம் அது தனியாகத் தெரியவே தெரியாது. வெள்ளை விழியோ மாடு மிரண்டாலோ, ஓரக்கண்ணால் பார்த்தாலோதான் வெளியே வரும். அதை இரண்டு பக்கமும் காட்டிவிட்டால், தொழுவத்தில் அசைபோடும் காளை வாடிவாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். கண்ணைச் சுற்றி இருக்கும் கறுப்பு வளையத்தை, எச்பி-யை விட மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும் 4பி பென்சிலில் தைரியமாகப் போடுங்கள். மேல் இமையின் முடி சாய்ந்து இறங்கும், சினிமாக் கதாநாயகி மாதிரி மேலே வளையாது. ஒளிப்புள்ளிக்கான இடத்தை முதலிலேயே வெறும் தாளாக விட்டுவிட வேண்டும். கறுப்படித்த பிறகு ரப்பரால் தோண்டினால் அங்கே சாம்பல் நிறம்தான் கிடைக்கும்.

வெள்ளைத் தாளில் வெளிர் நிற மாட்டை வரைவது எப்படி என்று திணறி, சுற்றிலும் அழுத்தமாக ஒரு கோடு போட்டுவிடுவது எல்லோரும் செய்வதுதான். பிறகு அது கத்தரித்து ஒட்டிய படம் மாதிரி நிற்கும். கோட்டுக்குப் பதிலாக, பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். தொழுவத்தின் நிழல் போதும். வெளிச்சம் படுகிற முதுகு தானாக முன்னால் வரும்.

நிறத்தில் இன்னொரு பொறி உண்டு. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கறுப்பு மங்கிவிடும். இது தெரியாமல், நம் போட்டோவில் திமில் சரியாக விழவில்லை என்று இணையத்தில் கிடைத்த இன்னொரு மாட்டின் திமிலை எடுத்து ஒட்டினால், வண்டி எருதுக்குப் பொலிகாளையின் கழுத்து வந்துவிடும். பவுலுஸ் பாட்டர் என்ற டச்சு ஓவியர் 1647-ல் தீட்டிய புகழ்பெற்ற காளையே பல மாடுகளைப் பார்த்து ஒன்றுசேர்த்ததுதான். ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அதைத் தன் மாடு என்று உரிமை கொண்டாட யாரும் வரப்போவதில்லை. நமக்கு ஆள் உண்டு!

மூக்கின் ஈரப்பகுதியை ஒரே கறுப்பாக அப்பிவிடாதீர்கள். அங்கே சின்னச் சின்ன மேடுகளும் வரிகளும் இருக்கின்றன, நம் கைரேகை போல மாட்டுக்கு மாடு வேறு. ஈரம் மினுங்குவது அந்த மேடுகளின் தலையில்தான். மூக்குத்துளை வட்டமில்லை, கால்புள்ளி மாதிரி வளைந்தது. மூக்கணாங்கயிறு இருந்தால் அதன் முறுக்கை மட்டும் வரைந்து நிறுத்தக் கூடாது. கன்னத்தில் அது போடும் மெல்லிய நிழல் இல்லாவிட்டால் கயிறு காற்றில் தொங்கும்.

பென்சில் விஷயத்தில் ஒன்றே ஒன்று. இருட்டுக்குப் பயந்து எச்பி-யிலும் அதைவிடக் கடினமான 2எச்-இலும் அழுத்தி அழுத்தித் தேய்த்தால் தாள் வழுவழுப்பாகிவிடும், அதன் மேல் 4பி-யை விடக் கறுப்பான 6பி கூடப் பிடிக்காது. ஆக, கண், மூக்குத்துளை, காதின் ஆழம் இவற்றின் கறுப்பை ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள். மற்ற நிழல்கள் எவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்லும். தாள் 150 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாமல், லேசான சொரசொரப்போடு இருக்கட்டும். பளபளக்கும் சார்ட் வேண்டாம். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளும், நிழலைக் கலைக்க விரலுக்குப் பதிலாக டிஷ்யூவும் வைத்துக்கொள்ளுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

அந்தக் காளையை மறுபடி வரைந்து எடுத்துப் போனேன். பெரியவர் இந்த முறை கண்ணாடிகூடப் போடவில்லை. "அட, நம்ம மயிலைங்!" என்று சொல்லிக்கொண்டே நெற்றிச் சுழியில் கட்டைவிரலை வைத்து, நிஜ மாட்டைத் தடவுவது போல மூக்கு வரை இழுத்துவிட்டார். பென்சில் கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸட்டிவ் அடிக்காமல் கொண்டுபோனது என் தப்பு.