டிமக்ஸில் புது பேன் திறந்தால் வென்வ் காணாமல் போகிறதா?

டிமக்ஸ் ஒரே டெர்மினலைப் பல பேன்களாக, அதாவது தனித்தனிக் கட்டங்களாக, பிரிக்கும் கருவி. வென்வ் என்பது ஒரு திட்டத்துக்கென்று பைத்தானையும் அதன் பேக்கேஜ்களையும் தனியே வைக்கும் சூழல். ஒரு பேனில் வென்வை ஆக்டிவேட் செய்துவிட்டு இன்னொன்றைப் பிரித்தால், அங்கே சிஸ்டம் பைத்தான்தான் நிற்கும். புது பேன் பக்கத்துப் பேனின் ஷெல்லை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலை) எட்டிப் பார்ப்பதில்லை. டிமக்ஸ் தன்னிடம் வைத்திருக்கும் சூழல் மாறிகளையே (நிரல்களுக்கு அமைப்புகளைச் சொல்லும் மதிப்புகளை) வாங்கிக்கொள்கிறது. ஆக்டிவேட் செய்த பிறகு டிமக்ஸைத் தொடங்கலாமே என்றால், மேக்கில் அதுவும் காலை வாரும்: திறப்பது லாகின் ஷெல் (உள்நுழைவுக்கான தொடக்கக் கோப்புகளையும் படிக்கும் ஷெல்) என்பதால் பாத், அதாவது நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல், வரிசை கலைந்து வென்வ் பின்னுக்குப் போய்விடும்.

நான் செய்வது இது. ஆக்டிவேட் ஆன பேனிலேயே, டிமக்ஸின் செட்-என்விரான்மென்ட் கட்டளையால் விர்ச்சுவல்_என்வ் மாறியை (வென்வ் இருக்கும் பாதையைச் சொல்வது) டிமக்ஸ் செஷனில் பதிந்துவிடுவேன். ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஆர்சி கோப்பில், அந்த மாறி இருந்தால் ஆக்டிவேட் ஸ்கிரிப்டை சோர்ஸ் செய்யும்படி (அதே ஷெல்லுக்குள் ஓட்டும்படி) ஓர் இஃப் வரி. ஏற்கெனவே திறந்த பேன்களுக்கு இது எட்டாது.

ஒரே ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட இத்தனை பாடு வேண்டாம். வென்வுக்குள் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு அழைத்தால் போதும்.