டோலமிட்டி சூப்பர்ஸ்கீ: ஒரே பாஸில் ஒரு வாரம் ஸ்கீ போகத் திட்டமிடுவது எப்படி

இத்தாலியின் வடகிழக்கில் உள்ள டோலமைட்ஸ் மலைகளில் 12 ஸ்கீ (பனிச்சறுக்கு) பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே பாஸ் வாங்கலாம். 1974-ல் தொடங்கிய இந்த டோலமிட்டி சூப்பர்ஸ்கீ பாஸுக்குள் சுமார் 1,200 கிலோமீட்டர் சறுக்குப் பாதையும் மலைமேல் ஏற்றிவிடும் 450 லிஃப்டும் அடங்கும். விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடுவது இந்த 1,200-ஐத்தான். ஆனால் அது ஒரே தொடர்ச்சியான பனிவெளி இல்லை. ஸ்கீயைக் கழற்றாமலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக்கூடியவை முக்கியமாக செல்லா என்ற மலைத்திரளைச் சுற்றியுள்ள நான்கு பள்ளத்தாக்குகள்: வால் கார்தேனா, ஆல்டா பாதியா, அராப்பா, வால் தி ஃபாஸா. கொர்தினா, க்ரோன்பிளாட்ஸ், சான் மார்த்தினோ போன்ற மற்ற பகுதிகளுக்குப் பஸ்ஸிலோ ரயிலிலோ காரிலோதான் போக வேண்டும். ஒரு வாரத்தில் பாஸை எவ்வளவு பயன்படுத்துவீர்கள் என்பதைப் பாஸ் தீர்மானிப்பதில்லை, நீங்கள் தூங்கி எழும் ஊர்தான் தீர்மானிக்கிறது. அதனால் ஊரை முதலில் முடிவு செய்யுங்கள்.

எந்த ஊர்

ஓரளவு சறுக்கத் தெரிந்தவர்கள், அதாவது நடுத்தரக் கடினமான சிவப்புப் பாதையில் பயமில்லாமல் இறங்குபவர்கள், செல்வாவையோ கொர்வாராவையோ தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் செல்லா மலையை ஸ்கீயிலேயே சுற்றிவரும் வட்டப் பாதையின் மேலேயே இருக்கின்றன, காலையில் நடக்கும் தூரத்தில் லிஃப்ட். அராப்பா சின்ன ஊர். அங்கே சரிவுகள் செங்குத்தானவை, போர்தா வெஸ்கோவோவிலிருந்து இறங்கும் வடக்கு முகப் பாதைகளில் பனி நன்றாக நிற்கும். நல்ல அனுபவம் உள்ளவர்களுக்கு அது அருமையான இடம், புதியவர்களை அங்கே கூட்டிப் போகாதீர்கள். கனாட்ஸே கலகலப்பான ஊர். ஆனால் மாலையில் பெரும்பாலோர் கோண்டோலா என்ற மூடிய கேபின் லிஃப்டிலேயே கீழே இறங்குவதால் அங்கே வரிசை நிற்கும்.

ஓர்திசேய் அழகான ஊர், குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் அது வட்டப் பாதைக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. வட்டத்தைச் சேர செல்வா வரை பஸ்ஸில் போக வேண்டும், அல்லது செசேதா மலைப் பக்கம் ஏறி, சான்தா கிறிஸ்தினாவில் நிலத்தடி ரயிலில் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். ஓர்திசேயின் பெரிய லாபம் அங்கிருந்து கோண்டோலாவில் ஏறிச் சேரும் ஆல்பே தி சியூசி. அகலமான, மிதமான நீல (எளிய) பாதைகள் நிறைந்த அந்தப் பீடபூமியைவிடக் கற்றுக்கொள்பவர்களுக்கு நல்ல இடம் இந்த மலைகளில் கிடைப்பது கடினம். ஆல்டா பாதியாவில் சான் கசியானோவும் அப்படித்தான், சரிவுகள் இதமானவை.

எந்த வாரம்

பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரங்கள் வரை போகும். டிசம்பரின் முதல் பாதியில் தொடக்கப் பருவச் சலுகைகள் இருக்கும், கூட்டமும் குறைவு. இயற்கைப் பனி குறைவாக இருந்தாலும் பெரும்பாலான பாதைகளில் செயற்கைப் பனி போடும் வசதி உண்டு, ஆனால் எல்லாப் பாதைகளும் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியில் கார்னிவல் விடுமுறையை ஒட்டி இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் குவிவார்கள். பணத்துக்கு நல்ல மதிப்பு வேண்டுமென்றால் ஜனவரி 10-க்குப் பிறகான இரண்டு வாரம், அல்லது மார்ச் நடுப்பகுதி. ஜனவரியில் குளிர் கடுமையாக இருக்கும், பனி உறுதியாக நிற்கும். மார்ச்சில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் காலையில் கட்டியாக உறைந்திருக்கும் பனி மதியத்துக்குமேல் சகதியாக இளகிவிடும்.

விடுதிகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் கொடுக்கும். அன்று சாலைகளில் நெரிசல். அதே காரணத்தால் சனிக்கிழமை சரிவுகளில் கூட்டம் குறையும்.

பாஸ்

இரண்டு விதம் உண்டு. ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டுமான பாஸ், 12 பகுதிகளுக்குமான சூப்பர்ஸ்கீ பாஸ். ஆறு நாளைக்கு வாங்கும்போது இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளத்தாக்கைத் தாண்டுவீர்களென்றால் சூப்பர்ஸ்கீயையே வாங்குங்கள். உச்ச பருவத்தில் பெரியவர் ஒருவருக்கு ஆறு நாளுக்கு 400 யூரோவைத் தாண்டும். முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் சிறு தள்ளுபடி உண்டு. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் விலை குறைவு, பிறந்த தேதிக்குச் சான்று கேட்பார்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

முதல்முறை ஸ்கீ போடுபவர்களுக்குச் சூப்பர்ஸ்கீ பாஸ் வீண்செலவு. முதல் மூன்று நாள் அவர்கள் ஒரே பயிற்சிச் சரிவில்தான் இருப்பார்கள். அந்தச் சின்ன லிஃப்டுக்குத் தனி டிக்கெட் கிடைக்கும். அந்தப் பணத்தை ஸ்கீ பள்ளியின் குழு வகுப்பில் போடுங்கள். இங்கே பச்சைப் பாதை கிடையாது. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம், அவ்வளவுதான். அமெரிக்காவில் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்குள்ள நீலமும் இங்குள்ள நீலமும் ஒன்றல்ல. அங்குள்ள நீலத்துக்கு ஈடு இங்கே பல இடங்களில் சிவப்பு. ஐகான் என்ற, பல ஸ்கீ இடங்களுக்கான அமெரிக்கப் பாஸ் வைத்திருப்பவர்கள் அதில் டோலமிட்டிக்கு எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று அந்த ஆண்டின் விதிகளில் பார்த்துக்கொண்டு, மீதி நாட்களுக்கு மட்டும் பாஸ் வாங்கலாம்.

பாஸ் ஒரு பிளாஸ்டிக் அட்டை, உள்ளே சிப் இருக்கும். ஜாக்கெட்டின் இடது பையில் போடுங்கள், ஏனென்றால் லிஃப்ட் வாசலில் அதைப் படிக்கும் கருவி இடது பக்கம் இருக்கும். அதே பையில் ஃபோன், சாவி, போன வருடத்துப் பழைய பாஸ் எதுவும் வேண்டாம். வாசல் திறக்காமல் பின்னால் வரிசை முணுமுணுக்கும்போது பெரும்பாலும் காரணம் இதுதான். பாஸ் ஆள்பெயரில் இருப்பது. ஒருவருடையதை இன்னொருவர் பயன்படுத்தினால் பறித்துக்கொள்வார்கள்.

விசாவும் காப்பீடும்

இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்கள், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக்கில் இறங்கினாலும் ஆறு இரவு இத்தாலியில் என்றால் இத்தாலி விசாதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. நவம்பர், டிசம்பரில் நேர்காணல் நாள் கிடைப்பது சிரமம், செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.

விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. அது போதும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கீ விபத்து சேர்ந்திருக்காது. குளிர்கால விளையாட்டு, மலை மீட்பு, ஹெலிகாப்டர் ஆகிய மூன்றும் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தவிர, 2022 ஜனவரி 1 முதல் இத்தாலியச் சரிவுகளில் நீங்கள் மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு சட்டப்படி கட்டாயம். இல்லையென்றால் அபராதம், பாஸும் பறிபோகலாம். பயணப் பாலிசியில் இது இல்லாவிட்டால் பாஸ் வாங்கும் இடத்திலேயே நாளுக்குச் சில யூரோ கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஹெல்மெட் 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். ஐரோப்பாவில் வாழ்பவர்கள் தங்கள் ஐரோப்பிய மருத்துவ அட்டையே போதும் என்று இருந்துவிடக் கூடாது. அது அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கானது, மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவுக்கல்ல.

போய்ச் சேர்வது

இன்ஸ்ப்ரூக், வெனிஸ், வெரோனா, மியூனிக் என்ற நான்கு விமான நிலையங்களும் ஏற்றவை. இன்ஸ்ப்ரூக் மிக அருகில், ஆனால் விமானங்கள் குறைவு. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு மியூனிக் அல்லது வெனிஸ் வசதி. மியூனிக்கிலிருந்து ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய் வழியாக போல்ஸானோவுக்கு நேரடி ரயில் சுமார் 4 மணி நேரம், அங்கிருந்து வால் கார்தேனாவுக்குப் பஸ். காரில் வந்தால் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும், பிரென்னர் சாலைக்குத் தனியாகச் சுங்கம். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பிரென்னர் நெடுஞ்சாலையின் இத்தாலியப் பக்கத்தில் குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

பூட்ஸ்

ஒரு வாரத்தை நாசமாக்கும் பொருள் எது என்று கேட்டால், வாடகை பூட்ஸ்தான். போய்ச் சேர்ந்த அன்று மாலையே கடைக்குப் போங்கள், மறுநாள் காலை ஒன்பது மணி நெரிசலில் யாரும் பொறுமையாக அளவு பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு மெல்லிய ஸ்கீ காலுறை மட்டும் போடுங்கள். குளிருக்கு இரண்டு ஜோடி போட்டால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் வளைத்ததும் விரல் பின்னுக்கு நகர வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது. தளர்வான பூட்ஸ் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். சரிவில் கால் உள்ளே ஆடி, கட்டுப்பாடு போய், கொக்கிகளை இறுக்கி இறுக்கிக் கெண்டைக்கால் வலிக்கும். எடையையும் வயதையும் உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ கழன்று விடும் விசையை அதை வைத்துத்தான் அமைப்பார்கள்.

செல்லா ரோண்டா

செல்லா மலையைச் சுற்றி நான்கு கணவாய்களைக் கடக்கும் வட்டப் பாதை இது. லிஃப்ட் தூரத்தையும் சேர்த்து சுமார் 40 கிலோமீட்டர், அதில் சறுக்குவது 26. கடிகாரச் சுற்றுக்கு ஆரஞ்சு நிறப் பலகைகள், எதிர்ச் சுற்றுக்குப் பச்சை. இந்தப் பச்சை திசையைக் காட்டும் நிறம் மட்டுமே, பாதை எளிது என்று அர்த்தமில்லை. இரண்டுமே நீலமும் சிவப்பும் கலந்தவை, கறுப்பு இல்லாமலே முடிக்கலாம். முதல்முறைக்குப் பச்சைத் திசை கொஞ்சம் இலகு.

செல்வாவிலிருந்து ஆரஞ்சில் போனால் தாந்தெர்செப்பியெஸ் கோண்டோலாவில் ஏறி, கார்தேனா கணவாய்ப் பக்கமாகக் கொல்ஃபோஸ்கோவுக்கு நீண்ட இறக்கம், கொர்வாரா, போயே கோண்டோலா, கம்போலொங்கோ, அராப்பா. அங்கிருந்து போர்தா வெஸ்கோவோ ஏறி, போர்தோய் கணவாய், பிறகு செல்லா கணவாய், கடைசியில் பிளான் தே கிரால்பா வழியாக செல்வா. லிஃப்டில் மட்டுமே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போகும். சாப்பாட்டையும் வரிசையையும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்குள் கிளம்ப வேண்டும், 3:30-க்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கமான அறிவுரை. அதை அப்படியே கடைப்பிடியுங்கள். ஒரு லிஃப்டைத் தவறவிட்டால் நீங்கள் நிற்பது வேறு பள்ளத்தாக்கு. திரும்ப டாக்ஸிக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகலாம். கனத்த பனியில் கணவாய்ச் சாலை மூடிவிட்டால் டாக்ஸியும் பெரிய சுற்று சுற்றித்தான் வரும். மதியம் ஒரு மணி ஆகிவிட்டது, இன்னும் பாதிகூட முடியவில்லை என்றால், கிளம்பிய பள்ளத்தாக்குக்கே திரும்பிவிடுங்கள்.

இதை வாரத்தின் முதல் நாளில் வைக்காதீர்கள், கடைசி நாளிலும் வைக்காதீர்கள். முதல் நாள் கால்கள் பழகியிருக்காது. கடைசி நாளுக்கு ஒத்திவைத்தால், அன்று காற்றடித்து மேல் லிஃப்ட் ஒன்று நின்றாலே வட்டம் அறுந்துவிடும். செவ்வாய் முதல் வியாழன் வரை, வானம் தெளிவாக இருக்கும் நாளைப் பிடியுங்கள். எந்த லிஃப்ட் ஓடுகிறது என்பதைக் காலையில் டோலமிட்டி சூப்பர்ஸ்கீ செயலியில் பார்க்கலாம்.

வட்டத்துக்கு வெளியே

மர்மோலாதா மலைக்கு ஒரு முழு நாள் வேண்டும். அராப்பாவிலிருந்து பாதோன் கணவாயைக் கடந்து மால்கா சியாபேலாவுக்கு இறங்கி, மூன்று கட்டக் கேபிள் காரில் 3,265 மீட்டர் உயரத்தில் உள்ள புன்தா ரோக்காவுக்குப் போகலாம். இறக்கம் 12 கிலோமீட்டர். திரும்பி வரும்போது பாதோனுக்கு ஏறும் லிஃப்ட் மூடும் நேரத்தைக் காலையிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் அராப்பாவுக்குத் திரும்ப வேறு லிஃப்ட் இல்லை.

ஆல்டா பாதியாவில் தங்கினால் லகட்ஸுவோய் மலையைத் தவறவிடாதீர்கள். அர்மென்தரோலாவிலிருந்து பஸ்ஸிலோ பகிர்வு டாக்ஸியிலோ ஃபால்ஸாரெகோ கணவாய், அங்கிருந்து கேபிள் காரில் 2,752 மீட்டர். அங்கிருந்து மஞ்சள் பாறைச் சுவர்களுக்கும் உறைந்த நீர்வீழ்ச்சிகளுக்கும் நடுவே சுமார் எட்டரை கிலோமீட்டர் இறங்கலாம். அடியில் தட்டையான பகுதி வந்ததும் குதிரைகள் காத்திருக்கும். நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டால் வரிசையாக எல்லோரையும் இழுத்துப் போகும். பாஸ் அதற்குச் செல்லாது, சில யூரோ சில்லறையாக வைத்திருங்கள்.

மலைக் குடிசைகளில் சாப்பாடு

சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கனெதெர்லி என்ற ரொட்டி உருண்டையில் மாவோடு ஸ்பெக் என்னும் புகையூட்டிய பன்றி இறைச்சியைச் சேர்த்துப் பிசைவார்கள், வெளியே தெரியாது. கீரை உருண்டை, பாலாடைக்கட்டி உருண்டை என்று தனியாக இருக்கும், அதைக் கேளுங்கள். பார்லி சூப்பிலும் ஸ்பெக் இருப்பது வழக்கம். காளானும் பாலாடைக்கட்டியும் சேர்த்த பொலென்தா என்ற மக்காச்சோள மாவுக் களி நல்ல தேர்வு. 12 மணிக்கு முன்போ இரண்டு மணிக்குப் பிறகோ போனால் இடம் கிடைக்கும், லிஃப்ட் வரிசையும் அந்த இடைவேளையில் குறைந்திருக்கும்.

விபத்து நேர்ந்தால்

விழுந்தவருக்கு மேலே சரிவில் இரண்டு ஸ்கீயைக் குறுக்காக, பெருக்கல் குறிபோல் நட்டு வையுங்கள். 112-ஐ அழைத்துப் பாதையின் எண்ணைச் சொல்லுங்கள், ஓரத்துக் கம்பங்களில் அது எழுதியிருக்கும். மோதலாக இருந்தால் எதிராளியின் பெயரையும் காப்பீட்டு விவரத்தையும் அங்கேயே எழுதி வாங்குங்கள். மோசமான வானிலைக்குப் பாஸ் பணம் திரும்பக் கிடைக்காது. காயம்பட்டு மீதி நாட்களை இழந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க, அந்த ஊர் மருத்துவரின் சான்றிதழும் பாஸ் அட்டையும் வேண்டும். ஊர் திரும்பியபின் வாங்கும் சான்றிதழை நம்பியிருக்காமல், கிளம்புவதற்கு முன்பே இரண்டையும் பாஸ் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.