ரீபேஸ் சுமையை இடம் மாற்றிய கதை

நான் பராமரிப்பாளர்களுள் ஒருவனாக இருக்கும் ஒரு சிறிய திறந்தமூலப் பைத்தான் நிரலகத்தில், ஒவ்வொரு கமிட்டும், அதாவது வரலாற்றில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும், தனித்தே இயங்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. அது வெறும் பிடிவாதம் அன்று. நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை, அந்த வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவதால், 1,000 கமிட்டுகளுக்குள் நுழைந்த பிழையையும் ஏறத்தாழ 10 சோதனைகளில் காட்டிவிடும். நடுவில் இயங்காத கமிட் இருந்தால் அந்தத் தேடல் அங்கேயே தடுமாறும்.

ஆனால், ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்த மாணவியிடம் இதே விதியைக் காட்டி மூன்று முறை ரீபேஸ் செய்யச் சொன்னேன்; அதாவது, தம் கமிட்டுகளை நிரலின் அண்மை நிலையின் மேல் மீண்டும் அடுக்கி ஒழுங்குபடுத்தச் சொன்னேன். மூன்றாம் முறை, தொடர்பில்லாத பிறரது கமிட்டுகளும் மாற்றத்தை ஏற்கக் கோரும் அவருடைய புல் ரிக்வெஸ்டுக்குள் வந்து சேர்ந்தன. "மன்னிக்கவும், எனக்கு இது வராது போலிருக்கிறது" என்று எழுதி, அவரே அதை மூடிவிட்டார். அந்த வரி என்னை வெகுவாக வருத்தியது.

விதியையே கைவிட்டால் பழைய பங்களிப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதால், சுமையை இடம் மாற்றினோம். சிறிய திருத்தங்களை ஏற்பவரே, எழுதியவரின் பெயர் மாறாமல், ஸ்குவாஷ் முறையில் அவற்றை ஒரே கமிட்டாக்கி, விளக்கக் குறிப்பையும் செப்பம் செய்கிறார். இடைவெளி, வரிநீளம் ஆகியவற்றை ஒரு கருவி தானாகவே சரிசெய்கிறது. பல கோப்புகளைத் தொடும் பெரிய மாற்றங்களுக்குப் பழைய விதி அப்படியே நீடிக்கிறது. கூடுதல் வேலை ஒருவர் தலையிலேயே விழாதிருக்க வாரமுறை வைத்துக்கொண்டோம். அதற்கு எல்லோரையும் இசைய வைக்கத்தான் அதிக நாள் பிடித்தது.

பிறகு அந்த மாணவிக்கு நானே கடிதம் எழுதினேன். அவருடைய திருத்தம் இப்போது அவர் பெயரிலேயே நிரலகத்தில் இருக்கிறது.